தையல் போட்ட பதினான்காம் பாடம்

திண்டிவனத்தில் அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், ஐந்தாம் பாரத்துப் பெண்களுக்கு, அதாவது பத்தாவது படிக்கிறவர்களுக்கு, வருஷத்தின் முதல் தையல் வகுப்பில் துணியே கிடையாது. எல்லோரும் பொது விஞ்ஞானப் புத்தகத்தைத்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தையல் டீச்சர் ஜமீலா பீவி ஆளுக்கொரு ஊசியும் நாற்பதாம் நம்பர் வெள்ளை நூலும் கொடுப்பார். நூற்று அறுபத்தொன்றாம் பக்கத்திலிருந்து நூற்று எழுபத்திரண்டாம் பக்கம் வரை ஆறு தாளையும் ஒன்றாகப் பிடித்து, மூன்று ஓரத்திலும் ஓட்டுத் தையல் போட்டு முடிச்சிட வேண்டும். அந்த ஆறு தாளுக்குள் இருந்தது பதினான்காம் பாடம். தலைப்பு இனவிருத்தி.

ஏற்பாடு தலைமையாசிரியை காந்திமதி அம்மாளுடையது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட முடியாது, ஏனென்றால் அது கல்வி இலாகா அங்கீகரித்த புத்தகம். பாடத்தை விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் ராஜ்யம் முழுவதற்குமான பாடத்திட்டத்தில் பதினான்கு பாடங்களையும் நடத்தியாக வேண்டும் என்று அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் தைக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. காந்திமதி அம்மாள் சுற்றறிக்கைகளை எழுத்து விடாமல் படிக்கிறவர், அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடக்கும். மார்ச் மாதம் விஞ்ஞான டீச்சர் தன் டைரியில் ‘பதினான்காம் பாடம் முடிந்தது’ என்று எழுதுவார். தலைமையாசிரியை கையெழுத்துப் போடுவார். கடலூரிலிருந்து வரும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் அதற்கு நேரே சிவப்பு மசியில் ஒரு டிக் போட்டுவிட்டு, பன்னீர் சோடா குடித்துவிட்டுப் போவார். யாரும் எடுக்காமலே, யாரும் கேட்காமலே ஒரு பாடம் வருஷா வருஷம் முடிந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு சாமர்த்தியம் வேறெந்த ஜில்லாவிலாவது இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கு விஞ்ஞான டீச்சராக வந்து சேர்ந்தாள் அம்சா. வயது இருபத்து நான்கு. ஊர் விழுப்புரம், அப்பா கிருஷ்ணசாமி ரயில்வேயில் கார்டு. தினமும் காலைப் பாசஞ்சரில் திண்டிவனம் போய், சாயங்காலப் பாசஞ்சரில் திரும்பி வருவாள். இப்போது, இந்த அறுபத்தெட்டில், அவள் விழுப்புரத்திலேயே வேறொரு பள்ளியில் இருக்கிறாள், வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. சௌகரியம்தான். ஆனாலும் காலையில் எங்கேயோ பாசஞ்சர் ஊதினால் அவளுக்கு மனசு ஒரு கணம் ஓடிப்போய் ஏறிக்கொள்கிறது. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒன்றையும் விடாமல் நின்று நின்று போன அந்த வண்டிதான் எவ்வளவு நல்ல வண்டி! கண்ணில் கரி விழும், வெள்ளைப் புடவை கட்டினால் சாம்பல் புடவையாகத்தான் இறங்க வேண்டும். ஆனால் பெண்கள் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அது தனி ராஜாங்கம். பூக்கூடைக்காரிகள், மோர்ப்பானைக்காரிகள், தாய் வீட்டுக்குப் போகிற கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் அங்கே பேசிய பேச்சில் பாதிக்குக்கூட அந்த வயதில் அம்சாவுக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்த மாதிரி சிரித்து வைப்பாள்.

அந்தப் பெட்டியில் பேரணியில் ஏறுகிறவள் அஞ்சம்மாள். ஐந்தாம் பாரத்தில் அம்சாவின் மாணவி. ஆறேழு காணி சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். தம்பிமாரைத் தூக்கி வளர்த்துவிட்டு மூன்று வருஷம் பிந்திப் பள்ளிக்கூடம் வந்தவள் என்பதால், வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம், வயதும் பதினெட்டு முடிந்துவிட்டது. வண்டியில் டீச்சருக்கு எதிரே உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றே வருவாள். அம்சா அதட்டித்தான் உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்ததும் மடியிலிருந்து வேகவைத்த வேர்க்கடலையை, அந்தப் பக்கத்து மல்லாட்டையை, எடுத்து உரித்து உரித்து டீச்சர் கையில் வைப்பாள்.

நவம்பர் மாதம், மழை விட்ட ஒரு காலை. உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே அஞ்சம்மாள் கேட்டாள்.

“டீச்சர், பதினாலாம் பாடம் எப்ப எடுப்பீங்க?”

அம்சா மென்றுகொண்டிருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

“அது மார்ச்சுலதான் வரும்.”

“மார்ச்சுல நான் இருக்க மாட்டனே டீச்சர். தையில கல்யாணம் வச்சுட்டாங்க. மாப்ளைக்கு ஊரு பனமலை. பொங்கலோட என்னை நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள அந்த ஒரு பாடத்த மட்டும் எடுத்துடுங்களேன்.”

“அதத்தான் எல்லாரும் தச்சு வச்சிருக்கீங்களே?”

“அத அன்னிக்கே பிரிச்சுப் படிச்சுட்டோம் டீச்சர். கிளாஸ்ல எல்லாருந்தான். படிச்சுட்டு மறுபடியும் தச்சு வச்சுட்டோம்.”

அந்த வருஷம் ஐந்தாம் பாரத்துப் பெண்களுக்கு ஓட்டுத் தையல் என்னமாய் வருகிறது என்று ஜமீலா பீவி ஆசிரியைகள் அறையில் பெருமையடித்துக்கொண்டது அம்சாவுக்கு ஞாபகம் வந்தது. பழக்கம்தானே எல்லாம்.

“படிச்சாச்சுன்னா அப்பறம் என்ன கேக்கறே?”

“அதுல ஒண்ணுமே இல்லியே டீச்சர்! தவள முட்ட வைக்குதாம். கோழி முட்ட வைக்குதாம். செம்பருத்தியில மகரந்தம் இருக்குதாம். கடேசில, மனிதர்களிலும் ஏறக்குறைய இவ்வாறேன்னு ஒரு வரி போட்டு முடிச்சுட்டாங்க. ஏறக்குறையன்னா என்னா டீச்சர்?”

அம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. மல்லாட்டைத் தோலை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்கக்காவ வானூர்ல குடுத்தாங்க டீச்சர். கல்யாணம் ஆயி மூணாம் நாளு, விடியக்கருக்கல்ல கெளம்பி ஒண்டியா நடந்தே எங்க வூட்டுக்கு வந்துட்டா. ஏன்டின்னு கேட்டா அழுவுறா, வாயத் தொறக்கல. அம்மா நாலு சாத்து சாத்தி எங்கப்பாகூட அனுப்பி வச்சுட்டாங்க. அப்பறம் அவ எங்க வூட்டுக்கு வந்தாலும் யாருகிட்டயும் நின்னு பேசறதில்ல. எனக்கு என்னா நடக்கும்னு தெரியல. தெரிஞ்சாக்கா பயம் கொஞ்சம் கொறையும்ல? அதான் கேட்டேன்.”

திண்டிவனம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்சா தன் புத்தகத்தை எடுத்தாள். டீச்சருக்குக் கொடுத்த புத்தகத்திலும் தையல் போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். வெட்கத்தோடு சொல்ல வேண்டுமானால், அவளும் அதுவரை அதைப் பிரித்துப் பார்த்ததில்லை, மார்ச்சில் டைரியில் எழுதினால் போதும் என்றுதான் இருந்துவிட்டாள். கத்திரிக்கோலால் நறுக்கிப் படித்தாள். அஞ்சம்மாள் சொன்னதில் ஒரு வரி தப்பில்லை. தவளை, கோழி, செம்பருத்தி, ஏறக்குறைய. இத்தனை வருஷமாக ஒரு பள்ளிக்கூடமே கூடி உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் காவல் காத்தது ஒரு தவளையை!

மறுநாள் தலைமையாசிரியையின் அறைக்குப் போய் நின்றாள். காந்திமதி அம்மாளுக்கு அப்போது ஐம்பது இருக்கும். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பின்பக்கம் இரண்டு அறையில் தனியாக இருந்தார். ஏன் தனி என்று கேட்கும் தைரியம் திண்டிவனத்தில் யாருக்கும் இருந்ததில்லை. எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர்.

“பதினாலாம் பாடத்த டிசம்பர்லயே எடுத்துடலாமான்னு கேக்க வந்தேன்ம்மா.”

“மார்ச்சுல வர்றது மார்ச்சுலதான் வரணும்.”

“மார்ச்சுலயும் எடுக்கறதில்லியேம்மா.”

“எடுக்கறதில்லன்னு யாரு சொன்னது? பதினோரு வருஷத்து டைரி பீரோவுல இருக்குது, எடுத்துப் பாரு. எல்லா வருஷமும் முடிச்சாச்சு.” கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அம்சா, நீ ப்ரொபேஷன்ல இருக்கே. உன்னப் பத்தி ஜனவரியில நான் இலாகாவுக்கு ரிப்போர்ட் எழுதணும். நல்லா எழுதணும்னுதான் இருக்கேன். அத நீ கெடுத்துக்காத.”

அப்பா அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறார், படிக்கிற தம்பிகள் இரண்டு பேர். இந்த வேலை போனால் வீட்டில் வேறு நாதி கிடையாது. ‘சரிங்கம்மா’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்தச் சரியை நினைத்து அன்று முழுக்க அவளுக்கு அவள் மேலேயே எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஜமீலா பீவியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜமீலா பீவிக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம், நாலு பிள்ளைகளைப் பெற்றவர், வாயும் கையும் சும்மா இருக்காத மனுஷி. தவளை விஷயம் வந்ததும் சோற்றுக் கையோடு அப்படியே நிமிர்ந்துவிட்டார்.

“அடப் பேஜாரே! தவளைக்கா நான் பதினோரு வருஷமா தையல் போட்டுக்கினு இருக்கேன்?”

“ஆமாங்க.”

“நானும் உள்ள என்னமோ ஏதோன்னு நெனச்சுக்கினு, புள்ளைங்க கண்ணுல படாம ஜல்தி ஜல்தியா முடிங்கடின்னு வெரட்டிக்கினு இருந்தேன்.” சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. பிறகு அஞ்சம்மாளின் அக்கா கதையையும் கேட்டார். கேட்டதும் சிரிப்பு அடங்கி, சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார்.

யோசனை சொன்னவரும் அவர்தான். டிசம்பரில் ஐந்தாம் பாரத்துப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே ஆளுக்கொரு ரவிக்கை தைக்க வேண்டும், அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அளவெடுக்கும் வகுப்பு. அன்றைக்குத் தையல் அறையின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். பியூன் அந்தோணிசாமி அந்தத் தாழ்வாரத்துப் பக்கமே தலைகாட்ட மாட்டார், மணியடிக்கக்கூடச் சுற்றிக்கொண்டு போவார்.

“அன்னிக்கிக் கதவத் தட்ட இந்த ஸ்கூல்ல எவனுக்கும் தைரியம் கெடையாது. நீ வந்துடு.”

“எனக்குத் தெரிஞ்சது புத்தகத்துல உள்ளதுதாங்க டீச்சர். நானே கல்யாணம் ஆவாதவ.”

“ஒடம்புக்குள்ள இருக்கறத நீ சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

அப்படித்தான் அந்த வகுப்பு நடந்தது. முப்பத்தெட்டுப் பெண்கள் தரையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக விழுந்தது. அம்சா கரும்பலகையில் வெள்ளைச் சாக்கால் படம் வரைந்தாள், நடுவில் பை, இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு குழாய். அவசரத்தில் குழாய் இரண்டும் கொஞ்சம் கூடுதலாகவே நீண்டுவிட்டது. மாதா மாதம் வருவது ஏன் வருகிறது, அது நோயும் இல்லை, தீட்டும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை என்று ஆரம்பித்தாள். கரு எங்கே தங்குகிறது, எப்படி வளர்கிறது, எந்த வழியாக வெளியே வருகிறது என்று சொன்னாள். ஆரம்பத்தில் முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு சிரித்த பெண்கள் கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அதுவரை தொப்புள் திறந்துதான் பிள்ளை வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்த பூமாலை என்கிற பெண், “அய்யய்யோ, அப்ப எங்கம்மா ஆறு தடவை...” என்று தொடங்கி அழவே ஆரம்பித்துவிட்டாள். புருஷன் பெண்டாட்டி சங்கதியை ஜமீலா பீவி சொன்னார். குழம்பு வைக்கக் கற்றுத் தருகிற மாதிரி, ஒரு விகாரமும் இல்லாமல், ஒரு வார்த்தை கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் சொன்னார். வாழ்நாளில் தான் பார்த்த மிக நல்ல வாத்தியார் யாரென்று கேட்டால் இன்றைக்கும் அம்சா, பி.டி. என்கிற ஆசிரியப் பயிற்சி படிக்காத ஜமீலா பீவியைத்தான் சொல்வாள்.

அவர் சொல்லி முடித்த நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது.

தட்டுகிறவன் எவனும் கிடையாது என்று சொன்ன ஜமீலா பீவி, தட்டுகிறவளை மறந்துவிட்டிருந்தார். தாழ்ப்பாளை எடுத்ததும் காந்திமதி அம்மாள் உள்ளே வந்து நின்றார். பெண்கள் திடுதிடுவென்று எழுந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, கரும்பலகையைத்தான் பார்த்தார்.

“என்ன இது?”

“ரவிக்கை கட்டிங்குங்கம்மா,” என்றார் ஜமீலா பீவி, கண் இமைக்காமல். “நடுவுல பாடி. ரெண்டு பக்கமும் கை.”

“கை இவ்ளோ நீளமாவா?”

“இப்ப இதாங்கம்மா ஃபேஷன்.”

எங்கேயோ ஒரு பெண் சிரிப்பை அடக்கப் போய் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். காந்திமதி அம்மாள் நேராகப் பின்னால் போனார். தையல் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜமீலா பீவி கதவைத் திரும்பச் சாத்தினார்.

“எல்லாரும் உக்காருங்க. நீங்க நடத்துங்க டீச்சர்.”

இதைச் சொன்னது அம்சாவைப் பார்த்து. தையல் வகுப்பில் விஞ்ஞான டீச்சருக்கு என்ன வேலை என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை போலிருந்தது. ஜமீலா பீவி அளவுநாடாவை எடுத்து, வா வந்து பிடித்துக்கொள் என்பது போல் அம்சா பக்கம் நீட்டினார். அதை வாங்கி ஒரு பெண்ணின் தோளில் வைத்திருந்தால் போதும், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஜனவரி ரிப்போர்ட் நன்றாகப் போயிருக்கும். அம்சா கை நீட்டவும் செய்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்போது முன்வரிசையில் அஞ்சம்மாள் தெரிந்தாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் மூன்று வாரம். கதவு சாத்துகிற வகுப்பு இனி அவளுக்குக் கிடையாது.

அம்சா நாடாவை விட்டுவிட்டுச் சாக்கை எடுத்தாள்.

“இது ரவிக்கை இல்லைங்கம்மா. இது கர்ப்பப்பை. இந்த ரெண்டும் கருக்குழாய்,” என்று பின்வரிசையைப் பார்த்தே சொன்னாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி வேண்டும் என்றாள், அதற்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டரைக் கேட்கலாம் என்றாள். காந்திமதி அம்மாள் எழுந்திருக்கவில்லை. முக்காலியில் முதுகு நிமிர்ந்தபடி உட்கார்ந்து, நல்ல மாணவி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?”

அஞ்சம்மாள் எழுந்து நின்றாள். நோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“டீச்சர், பயமா இருந்தா... வாணாம்னு சொல்லலாமா?”

அம்சாவுக்கு பி.எஸ்ஸி.யில் அந்தக் கேள்வி வரவில்லை, பி.டி.யிலும் வரவில்லை, இலாகாவின் பாடத்திட்டத்தில் எந்த மூலையிலும் வரவில்லை. அவள் ஜமீலா பீவியைப் பார்த்தாள். அதுவரை கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்த ஜமீலா பீவி தலையைக் குனிந்துகொண்டு அளவுநாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சொல்லலாம்.”

பின்னாலிருந்து வந்தது குரல். முப்பத்தெட்டுத் தலையும் திரும்பின. காந்திமதி அம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“என்னைச் சின்ன வயசுலயே கட்டிக் குடுத்தாங்க. நான் வாணாம்னு சொன்னேன். சொல்லிக்கினே இருந்தேன். இது சரிப்படாதுன்னு புருஷன் வூட்டுக்காரங்க கொண்டாந்து எங்கப்பா வூட்டுல வுட்டுட்டுப் போயிட்டாங்க. ஊருல ஒரு ஆளு பாக்கியில்லாம என்னைத்தான் தப்பு சொன்னாங்க. எங்கம்மாவும் சொன்னாங்க. எனக்கே முப்பத்தஞ்சு வருஷமா, அது நம்ம தப்போன்னு உள்ள அரிச்சுக்கினே இருக்குது.” அஞ்சம்மாளை நேராகப் பார்த்தார். “தப்பில்ல. சொல்லலாம்.”

பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வழக்கமான பெரிய டீச்சர் குரலில், “நாலு மணி பெல்லுக்குள்ள முடிச்சுடுங்க. போர்ட நல்லா அழிச்சுட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது கதவை அவரே நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

ஜனவரியில் ரிப்போர்ட் போயிற்று. ‘பணி திருப்திகரம்’ என்று ஒரே வரி. அந்த வகுப்பைப் பற்றி அவர் அம்சாவிடம் ஒருநாளும் பேசவில்லை, அம்சாவும் கேட்கவில்லை. தையல் போடும் வழக்கத்தையும் நிறுத்தவில்லை. ஏன் அத்தனை வருஷமும் அதைப் படித்தே பார்க்காமல் தைக்க வைத்தார் என்று அம்சா ஒருமுறை ஜமீலா பீவியிடம் கேட்டாள். “தனக்கு நடந்தத அச்சுல போட்டுட்டாங்களோன்னு பயந்திருக்கும் அந்த அம்மா,” என்றார் ஜமீலா பீவி. அப்படியும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் கதவு சாத்திய அந்த வகுப்பு நடந்தது, ஒவ்வொரு தடவையும் காந்திமதி அம்மாள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மார்ச்சில் டைரியில் எழுதியது பொய்யாக இல்லாமல் போயிற்று. எட்டு வருஷம் அந்தப் பள்ளியில் இருந்த அம்சாவுக்கு, அந்த டிசம்பர் வெள்ளிக்கிழமைகளைப் போல சந்தோஷமான வகுப்பு அதற்குப் பிறகு எங்கேயும் வாய்க்கவில்லை.

தையில் திருவாமாத்தூர் கோயிலில் வைத்து அஞ்சம்மாளுக்குக் கல்யாணம் நடந்தது. அம்சா போயிருந்தாள். மாப்பிள்ளை சின்னதுரை விழுப்புரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன், பனமலை ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிற வீட்டுப் பிள்ளை. மாலையும் கழுத்துமாக விறைத்து உட்கார்ந்திருந்தான். அஞ்சம்மாள் தலை நிமிரவேயில்லை. அவளிடம் ஒரு வார்த்தை பேச முடியாமலே அம்சா பாயசம் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. தினமும் வண்டி பேரணியில் நிற்கும்போது அம்சா எட்டிப் பார்ப்பாள், அவள் வீட்டு மனிதர்கள் யாராவது ஏறுகிறார்களா என்று. சொல்லலாம் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. சொன்ன பிறகு அங்கே என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்த அக்கா மாதிரி இவளும் விடியக்கருக்கலில் நடந்து வந்து நின்றால்? பெரிய டீச்சரைப் போல இவளையும் கொண்டுவந்து விட்டுவிட்டால்? ஆறு மாதம் அம்சாவுக்கு இதே யோசனைதான். வேலை நிலைத்த சந்தோஷம்கூட அதில் பாதி போய்விட்டது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்களை எல்லாம் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிற மாதம், பெண்கள் பெட்டியில் உட்கார இடமிருக்காது. ஒரு காலை விழுப்புரத்தில் வண்டி கிளம்புகிற நேரத்தில், ஒரு தகரப் பெட்டி உள்ளே வந்தது, பின்னாலேயே அஞ்சம்மாள் வந்தாள். பெட்டியைத் தூக்கி வைத்த சின்னதுரை, ஓடிப்போய் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டான்.

“டீச்சர்!”

இப்போது அதட்டாமலே எதிரே உட்கார்ந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முண்டியம்பாக்கம் வரை மாமியார் குணம் சொன்னாள், விக்கிரவாண்டி வரை பனமலை ஏரியில் தண்ணீர் நிற்பதையும் கேப்பை நாற்று விட்டதையும் சொன்னாள். அம்சாவுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்க வாய் வரவில்லை. பேரணி நெருங்கும்போது அஞ்சம்மாளே முன்னால் குனிந்தாள்.

“சொன்னேன் டீச்சர்.”

“என்னாத்த?”

“பயமா இருக்குது, வாணாம்னு.”

“அதுக்கு?”

“திட்டப்போறாருன்னு நெனச்சேன். எனக்கும் பயமாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டு, அவரு அழுதுட்டாரு டீச்சர்.” சொல்லிவிட்டு அஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அவரு கூட்டாளிங்க என்னென்னமோ சொல்லி மெரட்டி வச்சிருக்காங்க. அப்பால ஒரு மாசம் கழிச்சு, நீங்களும் தையல் டீச்சரும் சொன்னத எல்லாம் நான்தான் அவருக்குப் பாடம் எடுத்தேன்.”

அம்சாவும் சிரித்தாள். ஆறு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்தச் சிரிப்போடு போயிற்று. பேரணியில் வண்டி நின்றதும் சின்னதுரை பெட்டியை எடுத்துக்கொள்ள ஓடி வந்தான். டீச்சரைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது, “வணக்கங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல ஆகிருதியான பையன்தான், ஆனால் மீசைகூட இன்னும் சரியாக அடர்ந்திருக்கவில்லை. இவனுக்கும் யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது அம்சாவுக்கு அதுவரை ஒருநாளும் தோன்றியதே இல்லை.